கற்றுக்கொள்ளும் நாளுக்குக் கூலி யார் தருவது?

பாகிஸ்தானின் சியால்கோட் நகரம் கால்பந்துக்குப் பேர்போனது. கையால் தைக்கப்படும் கால்பந்துகளில் பெரும்பகுதியை உலகுக்குத் தருவது அந்த ஊர்தான். ஒரு சில பெரிய ஆலைகளைத் தவிர, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு ஓடும் பட்டறைகளே அங்கு அதிகம். வழக்கமான ஒரு பந்துக்கு 20 அறுகோணத் துண்டுகளும் 12 ஐங்கோணத் துண்டுகளும் வேண்டும். துணி ஒட்டிய ரெக்சின் விரிப்பை மேசையில் பரப்பி, அதன்மேல் டை எனப்படும் வெட்டு அச்சை வைத்து, அழுத்தும் எந்திரத்தை இறக்குகிறார் வெட்டுபவர். துண்டு விழுந்ததும் அச்சை நகர்த்தி அடுத்த இடத்தில் வைக்கிறார். எங்கே வைப்பது என்பதைக் கண்ணே முடிவு செய்கிறது. கை அதைத் தொடர்கிறது. அறுகோணங்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்திவிடும். ஐங்கோணங்கள் பொருந்தாது. நடுவில் விழும் சந்துகளெல்லாம் கழிவு.

டேவிட் அட்கின், அசாம் சௌத்ரி, ஷாமைலா சௌத்ரி, அமித் கண்டேல்வால், எரிக் வெர்ஹூகன் என்ற ஐந்து பொருளியலாளர்கள் இந்தக் கழிவைக் குறைக்க ஒரு வழி கண்டார்கள். ஐங்கோணங்களை எப்படி நெருக்கி அடுக்கலாம் என்று கணிதவியலாளர்கள் 1990-இல் எழுதிய கட்டுரை அதற்கு உதவியது. நான்கு ஐங்கோணங்களை ஒரு குறிப்பிட்ட சாய்வில் இணைத்து ஒரு புதிய டை செய்தார்கள். பழைய டையில் ஒரு விரிப்புக்கு ஏறத்தாழ 250 ஐங்கோணங்கள் கிடைத்த இடத்தில் புதியதில் 272 கிடைத்தன. பந்தின் மொத்தச் செலவில் சுமார் 1 சதவீதம் மிச்சம். லாபம் மெலிந்த தொழிலில் அது பெரிய தொகை. 2012-இல் 35 நிறுவனங்களுக்கு இந்த டையை இலவசமாகவே கொடுத்து, பயன்படுத்தும் முறையையும் செய்துகாட்டினார்கள்.

15 மாதங்கள் கழிந்தன. அந்த 35 நிறுவனங்களில் புதிய டையை உண்மையிலேயே உற்பத்தியில் பயன்படுத்தியவை ஐந்துதான்.

அறியாமை, சோம்பல், பழக்கத்தை விட மனமின்மை என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. சிறு தொழில் நடத்துபவர்கள் கூடும் எந்த இடத்திலும் இந்த மூன்றும் காதில் விழும். ‘புதுசா எதைக் கொண்டுவந்தாலும் ஆளுங்க கத்துக்க மாட்டேங்கிறாங்க’ என்பது தொழில்பேட்டைகளின் நிரந்தரக் குறை. சியால்கோட் ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. ஏன் பயன்படுத்தவில்லை என்று முதலாளிகளிடம் கேட்டபோது, பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதன்மைக் காரணமாகச் சொன்னது இது: வெட்டுபவர் அந்த டையில் வேலை செய்ய மறுக்கிறார். ஏன் மறுக்கிறார் என்று தேடிப்போனதில்தான் இந்த ஆய்வின் மதிப்பு இருக்கிறது.

இழப்பு யாருடையது?

சியால்கோட்டின் பெரும்பாலான பட்டறைகளில் வெட்டுபவருக்குப் பீஸ் ரேட். எத்தனை துண்டு வெட்டினாரோ அத்தனைக்குக் கூலி. ரெக்சின் மிச்சமானால் அது முதலாளியின் பணம். வெட்டுபவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. புதிய டைக்குக் கை பழகும்வரை வேகம் குறையும். வேகம் குறைந்தால் துண்டுகள் குறையும், கூலியும் குறையும். ஆக, கற்றலின் பலன் முழுக்க முதலாளிக்கு, கற்றலின் செலவு முழுக்கத் தொழிலாளிக்கு. இந்தக் கணக்கை வெட்டுபவர் முதல் நாளே போட்டுவிட்டார். ‘இது சரிப்படாது’ என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளிக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. டையின் குணம் தெரிந்தவர் அதைக் கையில் பிடிப்பவர் ஒருவரே. அவர் சொன்னதை முதலாளி நம்ப, டை அலமாரிக்குப் போனது.

ஆய்வாளர்கள் அடுத்து ஒரு சோதனை செய்தார்கள். டை பெற்ற நிறுவனங்களில் இன்னும் இயங்கிவந்தவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில், வெட்டுபவருக்கு ஏறத்தாழ ஒரு மாத வருமானத்துக்கு ஈடான தொகை தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை: புதிய டையில் ஒரு விரிப்பிலிருந்து 272 ஐங்கோணங்களை மூன்று நிமிடத்துக்குள் முதலாளியின் முன்னிலையில் வெட்டிக் காட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளில் அச்சிடுபவருக்கும் இதேபோல் ஒரு தேர்வு, ஒரு தொகை. தொழிலின் மொத்த வரவுசெலவில் இது மிகச் சிறிய பணம். ஆனால் இந்தப் பாதியில் புதிய டையைக் கைக்கொண்ட நிறுவனங்களின் விகிதம் மற்றதைவிடத் தெளிவாக உயர்ந்தது. எல்லோரும் மாறிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும், கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று கருதப்பட்டவர்களில் பலர், கற்பதன் செலவை வேறொருவர் ஏற்றதும் கற்றுக்கொண்டார்கள். அதே ஊரில், பீஸ் ரேட்டுக்குப் பதில் மாதச் சம்பளமும் ஊக்கத்தொகையும் தந்த ஒரு பெரிய நிறுவனம் யாரும் தூண்டாமலே புதிய டைக்கு மாறியிருந்தது.

சிறு நிறுவனங்களில் தொழிலாளர் கற்றலைப் பற்றி நாம் கேட்கும் கேள்வியையே இது மாற்றிவிடுகிறது. இவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கேட்பதற்கு முன், கற்கும் நாட்களின் நட்டத்தை யார் தாங்குவது என்று கேட்க வேண்டும்.

பழைய பட்டறையின் பாடத்திட்டம்

இந்தக் கேள்விக்குப் பழைய பட்டறைகளில் ஒரு விடை இருந்தது. மானிடவியலாளர் ஜீன் லேவ் 1970-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில், மன்ரோவியா நகரத் தையற்காரர்களிடம் வேலை பழகும் சிறுவர்களைக் கவனித்தார். அங்கே பாடத்திட்டமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஆனால் ஒரு கண்டிப்பான வரிசை இருந்தது. துணி தைக்கப்படும் வரிசைக்கு அது நேர் எதிர். பையன் முதலில் கற்பது பொத்தான் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, இஸ்திரி போடுவது. பிறகு தைப்பது. கடைசியாகத்தான் வெட்டுவது. உடுப்பிலும் அப்படியே: முதலில் தொப்பியும் உள்ளாடையும், கடைசியில் கோட்டும் சூட்டும். காரணம் எளியது. பொத்தானில் தவறினால் பிரித்துத் தைத்துவிடலாம். வெட்டுவதில் தவறினால் துணியே போயிற்று. தவறின் விலை குறைவான இடத்திலிருந்து விலை அதிகமான இடத்தை நோக்கி மாணவன் நகர்கிறான். லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் சேர்ந்து எழுதிய நூல், வேலையின் ஓரத்திலிருந்து மையத்துக்கு நகர்வதே கற்றல் என்று இதைக் கோட்பாடாக வகுத்தது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. உள்ளே வரும் ஆள் முதலில் கைமடி: டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுப்பது, தைத்ததை வாங்கி அடுக்குவது, நூல் வெட்டுவது. டீ டயத்தில் மெஷின் சும்மா இருக்கும்போது, கட்டிங் வேஸ்ட்டில் ஒரு துண்டை எடுத்து நேராக ஒரு தையல் ஓட்டிப் பார்ப்பது. டெய்லரின் மனம் கனிந்தால் ஓவர்லாக் மெஷினில் சுலபமான ஒரு ஆபரேஷன் கைக்கு வரும். அப்புறம் பிளாட்லாக். கட்டிங் டேபிளுக்குப் போவது வெகு சிலரே. அடுக்கிய துணியில் ஒரு கத்தி தடம் மாறினால் நூற்றுக்கணக்கான பீஸ் பாழ் என்பது எல்லோருக்கும் தெரியும்.

1990-களின் பிற்பகுதியில் திருப்பூரில் கள ஆய்வு செய்த ஷரத் சாரி, 2004-இல் வெளியான தம் நூலில் இந்த ஏணியின் இன்னொரு முகத்தைக் காட்டினார். அங்கே முதலாளிகளாக இருந்தவர்களில் கணிசமானோர், விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலைபார்த்த கவுண்டர் சமூகத்தினர். வேலையின் ஒவ்வொரு பிரிவையும் உள்ளிருந்து கற்று, உழைப்பையே முதலாக வைத்துப் பங்காளியாகி, பிறகு சொந்தமாகக் கம்பெனி வைத்தார்கள். அதே ஏணி பெண்களுக்கும் தலித்துகளுக்கும் அதே அளவில் திறக்கவில்லை என்பதையும் சாரி எழுதினார். கைமடியாக நுழையும் ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், யாரை மெஷினில் உட்கார விடுகிறார்கள், யாருக்குக் கட்டிங் சொல்லிக்கொடுக்கிறார்கள், யார் கணக்குவழக்குப் பேசும் இடத்தில் நிற்க முடிகிறது என்பதில் வேறுபாடு இருந்தது. ஆக, இயல்பாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று நாம் சொல்லும் இடத்திலும் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் சாதியும் பாலினமும் நிற்கின்றன.

இந்தப் பழைய முறைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அது புதியவரை மனத்தில் வைத்து உருவானது. பையனின் தவறு மலிவு, அவன் நேரமும் மலிவு. பதினைந்து வருடம் தைத்த ஒரு டெய்லர் புதிய மெஷினுக்கோ புதிய முறைக்கோ மாறும்போது அவரைத் தாங்க அந்த முறையில் எதுவும் இல்லை. தொழிலிலேயே வேகமான கை அவருடையது. அந்த வேகம்தான் சனிக்கிழமைச் சம்பளம். புதியதைக் கற்கும்போது அதிகம் இழப்பவர் அவர்தான். சியால்கோட்டில் மறுத்தவர்களும் கற்றுக்குட்டிகள் அல்லர், கைதேர்ந்தவர்கள்.

மறைக்கக் கற்றுக்கொடுக்கும் பட்டறை

கற்பதன் செலவை ஏற்க வேண்டியவர் அதிலிருந்து தப்பப் பார்ப்பார். அது பட்டறையில் வெளிப்படும் விதங்களைத்தான் நாம் ஒத்துழையாமை, நேர்மையின்மை, அலட்சியம் என்றெல்லாம் பெயரிட்டுத் திட்டுகிறோம்.

சமூகவியலாளர் டொனால்ட் ராய் 1944-45-இல் சிகாகோ பகுதியின் ஒரு எந்திரப் பட்டறையில் துளையிடும் தொழிலாளியாகவே வேலைபார்த்து, கண்டதை 1952-இல் வெளியிட்டார். ரேட் நன்றாக இருந்த வேலைகளில் தொழிலாளர்கள் ஓர் அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் செய்து காட்டினால் ரேட் ஆய்வாளர் வந்து ரேட்டைக் குறைத்துவிடுவார் என்ற அச்சம். அந்த அளவை எட்டியபின் மீதி நேரத்தைப் பேசியும் உலாவியும் கழித்தார்கள். வேலையை விரைவாக முடிக்கும் சூட்சுமங்கள் அவர்களிடம் நிறைய இருந்தன. மேலதிகாரி வரும்போது மட்டும் அவை மறைந்தன. ஒருவர் கண்டுபிடித்த நல்ல முறை எல்லோருடைய ரேட்டையும் குறைக்குமானால், அதைத் தனக்குள் வைத்துக்கொள்வதே அங்கே அறிவு.

தவறுகளும் இப்படித்தான் மறைகின்றன. ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. அந்தக் குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். தொடர்ந்து ஆராய்ந்தபோது, அங்கே தவறைச் சொல்ல அஞ்சவில்லை என்பது புலப்பட்டது. மற்ற இடங்களில் தவறு நேர்ந்தும் ஏட்டுக்கு வரவில்லை. 1999-இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து அவர் எழுதிய கட்டுரையும் அதையே உறுதிசெய்தது: கேள்வி கேட்டால், தவறை ஒப்புக்கொண்டால் அவமானம் நேராது என்ற நம்பிக்கை உள்ள குழுவே கற்கிறது.

இதைப் பத்து மெஷின் போட்டுக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு பவர்டேபிள் யூனிட்டில் வைத்துப் பார்க்கலாம். செக்கிங்கில் ஒரு பீஸ் ஆல்டராகத் திரும்பி வந்தால், தைத்தவரே அதைப் பிரித்துத் தைக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. டேமேஜ் என்று ஒதுக்கினால் சம்பளத்தில் பிடித்தம் வரலாம். 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் இத்தகைய பிடித்தத்துக்கு எல்லை போட்டது: பொருள் அந்தத் தொழிலாளியின் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், நட்டம் அவருடைய கவனக்குறைவால் நேர்ந்திருக்க வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்புத் தந்த பிறகே பிடிக்க வேண்டும். காண்ட்ராக்ட் கணக்கில், வாய்மொழியில் ஓடும் இடங்களில் இந்த எல்லையைக் கேட்டு வாங்கும் நிலையில் யார் இருக்கிறார்கள்? ஆகவே தையல் விட்டுப்போன பீஸ் கட்டின் நடுவில் செருகப்படுகிறது. ஊசி முனை மழுங்கித் துணியில் ஓட்டை விழுவதைக் கண்ட டெய்லர், தான் சொன்னால் தன் தலையில் விழும் என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. சாயங்காலம் நூறு பீஸில் அந்த ஓட்டை தெரியும்போது, அதைத் தடுத்திருக்கக்கூடிய செய்தி காலையிலேயே ஒருவரிடம் இருந்தது என்பது முதலாளிக்குத் தெரியாமலே போகிறது. நட்டத்தைத் தொழிலாளிமேல் தள்ளியதால் மிச்சமான பணத்தைவிட, அதனால் வராமல் போன செய்தியின் விலை அதிகம்.

முதலாளியின் கணக்கு

சிறு முதலாளியின் தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அவருடைய அச்சத்துக்குப் பொருளியலில் பெயர்பெற்ற ஒரு வடிவம் உண்டு. கேரி பெக்கர் 1960-களில் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, அந்த நிறுவனத்துக்கு மட்டும் பயன்படுவது. மற்றது, எங்கே போனாலும் பயன்படுவது. இரண்டாவது வகைக்கு முதலாளி செலவழிக்க மாட்டார், ஏனெனில் கற்றவர் அதிகச் சம்பளம் தரும் இடத்துக்குப் போய்விடலாம் என்றார் பெக்கர். ‘நம்ம மெஷின்ல கத்துக்கிட்டு, நம்ம துணியைக் கெடுத்து, பக்கத்துக் கம்பெனிக்குப் போயிர்றாங்க’ என்ற திருப்பூர் முதலாளியின் ஆதங்கமும் அதே கணக்குத்தான். பெரிய ஆலை ஒருவர் போனால் தாங்கும். பத்துப் பேர் உள்ள யூனிட்டில் ஒரு நல்ல டெய்லர் போனால் ஆர்டரே தேதி தவறும்.

பீஸ் ரேட்டை அவர் கைவிடாததற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் கார் கண்ணாடி மாற்றித் தரும் சேஃப்லைட் நிறுவனம் 1990-களில் மணிக்கூலியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாறியபோது, ஒரு தொழிலாளிக்கான உற்பத்தி 44 சதவீதம் உயர்ந்ததாக எட்வர்ட் லசியர் 2000-இல் எழுதினார். தெரிந்த வேலையை விரைவாகச் செய்ய வைப்பதில் பீஸ் ரேட்டின் வலிமையை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஆய்வைப் பீஸ் ரேட்டுக்கு ஆதாரமாகக் காட்டுபவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். சேஃப்லைட்டில் பீஸ் கணக்கு எவ்வளவு குறைந்தாலும், பழைய மணிக்கூலியை ஒட்டிய ஒரு குறைந்தபட்ச வருமானம் உறுதியாக இருந்தது. கை ஓடாத நாளிலும் வீட்டுக்குப் போகும் பணத்துக்கு ஒரு தரை இருந்தது. சியால்கோட்டில் இல்லாதது அந்தத் தரை.

அரசு யாரைப் பார்க்கிறது?

2015-இல் வெளியான தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கை, இந்தியத் தொழிலாளர்களில் முறையான திறன் பயிற்சி பெற்றவர்கள் 4.69 சதவீதமே என்றது. ஜெர்மனிக்கு 75, தென்கொரியாவுக்கு 96 என்று அதே ஆவணம் பக்கத்தில் வைத்துக் காட்டியது. இந்த எண் சான்றிதழை எண்ணுகிறது. டீ டயத்தில் மெஷின் பழகி, இன்று ஐரோப்பியக் கடைகளுக்குப் போகும் சட்டையைத் தைப்பவர் இதில் பயிற்சியற்றவர். முன்பே கற்றதைச் சோதித்துச் சான்று தரும் திட்டமும் உண்டு. அது கற்றுமுடித்ததற்கு முத்திரை குத்துகிறது. அடுத்ததைக் கற்கத் தேவையான நாட்களை வாங்கித் தருவதில்லை.

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும் புதியவருக்கானது. இப்போதைய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ளவற்றுக்கு அது விருப்பம். 2016-இல் தொடங்கிய தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், அரசே ஏற்கும் என்றது. கற்கும் காலத்தின் செலவில் ஒரு பங்கைப் பொதுப்பணத்திலிருந்து ஏற்கும் இந்தக் கொள்கை சரியானது. ஆனால் சட்டம் மிகச் சிறிய பட்டறைகளைக் கட்டாய வளையத்துக்கு வெளியே நிறுத்துகிறது. ஏற்கெனவே வேலையில் இருக்கும் கைதேர்ந்த தொழிலாளியை அறவே விட்டுவிடுகிறது. தொழிலில் புதிய முறை நிலைக்குமா என்பதை முடிவுசெய்பவரோ அவர்தான்.

செய்யக்கூடியவை

இவ்வளவுக்கும் தீர்வு பெரிய பயிற்சி மையங்களில் இருப்பதாக நான் நம்பவில்லை. பட்டறையின் கூலிக் கணக்கிலேயே சிலவற்றை மாற்றலாம்.

முதலாவது, புதிய மெஷின், புதிய முறை, பழகாத ஸ்டைல் எது வந்தாலும், கை பழகும் காலத்துக்கு அந்தத் தொழிலாளியின் முந்தைய வாரங்களின் சராசரி வருமானத்தைக் குறையாமல் தருவது. காலத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். தேறியதைச் செய்துகாட்டி நிரூபிப்பதையும் நிபந்தனையாக்கலாம்; சியால்கோட்டில் மூன்று நிமிடத் தேர்வு அதைத்தான் செய்தது.

இரண்டாவது, வேகம் கூடியதைக் காரணம் காட்டிக் குறிப்பிட்ட காலத்துக்கு ரேட்டைக் குறைப்பதில்லை என்று எழுதித் தருவது. ராய் கண்ட பட்டறையில் அந்த ஓர் உறுதி இருந்திருந்தால், தொழிலாளர்கள் ஒளித்துவைத்த சூட்சுமங்களில் பல வெளியே வந்திருக்கும்.

மூன்றாவது, டேமேஜ் புத்தகத்தில் ஆளின் பெயருக்குப் பதில் மெஷின், நேரம், காரணம் ஆகியவற்றை எழுதுவது. தானே முன்வந்து சொல்லும் தவறுக்குப் பிடித்தம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, யார் எதைக் கற்கிறார்கள் என்பதை மேஸ்திரியின் மனப்போக்குக்கு விடாமல் முறைவைப்பது. கைமடியில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பெண்ணுக்கு மெஷினிலும், மெஷினில் இருப்பவருக்குக் கட்டிங் டேபிளிலும் முறைப்படி இடம் கிடைக்க வேண்டும். கூடுதல் வேலை தெரிந்தவர்கள் இருப்பது முதலாளிக்கும் பாதுகாப்பு. ஒருவர் போனால் ஆர்டர் நிற்காது.

ஐந்தாவது, ஆள் ஓடிப்போகும் அச்சத்தைத் தனி முதலாளி தீர்க்க முடியாது, சங்கம் தீர்க்கலாம். ஓர் ஊரில் ஒரே தொழில் செய்யும் நூறு யூனிட்டுகள் கற்றல் காலக் கூலிக்கென ஒரு பொது நிதி வைத்தால், இன்று ஒருவரிடம் கற்றவர் நாளை பக்கத்தில் வேலைபார்ப்பது யாருக்கும் நட்டமாகாது. கூலி ஒப்பந்தத்தைத் தொழிற்சங்கங்களோடு கூட்டாகப் பேசிப் பழகிய திருப்பூர் போன்ற ஊருக்கு இது எட்டாத காரியமல்ல. அடுத்த ஒப்பந்தத்தில் கைமடி, செக்கிங், டெய்லர் என்று ரேட் எழுதும் தாளிலேயே கற்றல் காலக் கூலிக்கும் ஒரு வரி சேர்க்கலாம். அரசு அந்த நிதியில் ஒரு பங்கு போட்டால், பழகுநர் உதவித்தொகைக்கு ஒப்புக்கொண்ட அதே நியாயத்தை வேலையில் இருப்பவருக்கும் நீட்டியதாக ஆகும்.

தன் குடும்பத்தின் வாரச் சம்பளத்தை ஈடாக வைத்து முதலாளிக்காகப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும்படி எந்தத் தொழிலாளியையும் கேட்க நமக்கு உரிமையில்லை. அப்படிக் கேட்டு, அவர் மறுத்ததும் அவருடைய குணத்தைக் குறைசொல்வது அநீதி. தொழிலுக்கும் அது கேடு. கற்கும் நாளும் வேலை நாள்தான் என்று கூலிக் கணக்கு ஏற்றுக்கொள்ளட்டும். அதற்குப் பிறகும் ஒருவர் கற்க மறுத்தால், அப்போது அவருடைய குணத்தைப் பற்றிப் பேசலாம்.